ஐந்து ஆறு தாண்டும் ஓட்டம்

ஓடுகிறவர்கள் பலருக்கு டிசம்பர் கடைசி என்றாலே கலக்கம். சென்னை மாரத்தான் பெரும்பாலும் ஜனவரி முதல் வாரங்களில் வரும். அதற்குச் சற்று முன்னால்தான் பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை, ஊர்ப் பயணம், உறவுக்காரர் வீடு, லாட்ஜ் அறை எல்லாம். மாதக்கணக்கில் சேர்த்த தெம்பு போய்விடுமே என்று தவிக்கிறார்கள். எனக்கோ ஆண்டிலேயே மிகவும் பிடித்த ஓட்டங்கள் எல்லாம் இந்த நாட்களில் அமைந்தவைதான். மார்கழியில் வெளியூரில் ஓடும் சுகத்துக்கு நிகராக வேறெதையும் என்னால் சொல்ல முடியாது!

தஞ்சாவூர் கரந்தையில் சித்தப்பா வீடு. அங்கிருந்து திருவையாற்றுக்கு ஒரு சாலை போகிறது. தஞ்சையிலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வரிசையாக ஐந்து ஆறுகள். கிலோமீட்டர் கல்லைப் பார்க்கவே வேண்டாம், பாலத்தை எண்ணினால் போதும். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது மரபு. அதனால் மழையும் தண்ணீர் விடும் முறையும் ஒத்துழைத்த ஆண்டுகளில் மார்கழியில் ஆறுகளில் தண்ணீர் ஓடும். இருட்டில் ஒவ்வொரு பாலத்தையும் நெருங்கும்போது முதலில் சில்லென்று ஒரு காற்று முகத்தில் அடிக்கும், பிறகு தண்ணீர்ச் சத்தம் கேட்கும், அப்புறம்தான் பாலத்தின் கைப்பிடிச் சுவர் கண்ணில் படும். அந்தக் காற்று பட்டதும் கால் தானாக வேகம் பிடிப்பதை என்னவென்று சொல்ல!

சித்தப்பா மப்ளர் கட்டிக்கொண்டு மொபெட்டில் முன்னே போய்விடுவார். பாலத்துக்குப் பாலம் தண்ணீர் பாட்டிலோடு நிற்பார். "மெதுவாக் குடிப்பா, ஆறு எங்கயும் ஓடிப் போயிடாது" என்பார். பளிச்சென்று மின்னும் பட்டை வைத்த சட்டையும் தலையில் விளக்கும் கட்டாயம். விடிந்தால் பஸ்கள் பறக்கும் என்பதால் ஐந்து மணிக்கு முன்பே கிளம்பிவிட வேண்டும். வழியெல்லாம் ஒலிபெருக்கியில் திருப்பாவை. ஒரு கோயிலின் பாசுரம் தேயும்போது அடுத்த கோயிலின் பாசுரம் காதில் விழும். கிழக்கு வெளுக்கையில் இரு பக்கமும் சம்பா வயலில் பனி படர்ந்து கிடக்கும். சாணம் தெளித்த வாசல்களில் கோலம் போடுகிற பெண்கள் நிமிர்ந்து பார்த்து, கோலத்தில் கால் படாமல் ஒதுங்கியதற்கு ஒரு சிரிப்பைத் தருவார்கள். காவிரிப் பாலம் ஏறும்போது உடம்பு முழுக்கச் சந்தோஷம். கரையில் சித்தப்பா கையில் தொன்னை, அதில் பெருமாள் கோயில் வெண்பொங்கல், நெய் வழிய! இரண்டு மணி நேரம் ஓடிய உடம்பு கேட்பது மாவுச்சத்தும் உப்பும். அதை இதைவிட ருசியாக எந்த ஜெல் பாக்கெட்டும் தந்துவிடாது.

பயிற்சி குறைந்துவிடுமே என்ற பயத்துக்கு அர்த்தமே இல்லை. போட்டிக்கு முன் இரண்டு, மூன்று வாரங்கள் தூரத்தைக் குறைக்கும் 'டேப்பர்' காலம் சரியாக இந்த விடுமுறையில்தான் விழுகிறது. 1980-களில் அமெரிக்காவில் ராபர்ட் ஹிக்சன் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். வாரத்தில் ஆறு நாள் பயிற்சி செய்தவர்களை நான்கு நாளாக, இரண்டு நாளாகக்கூடக் குறைக்கச் சொன்னார். வேகத்தை விடாதவரை, உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் 15 வாரங்கள்வரை குறையவில்லை. வேகத்தைக் குறைத்தபோதுதான் அது இறங்கியது. ஆகவே உறவுக்காரர் வீட்டுக்குப் போனாலும் அரை மணி நேரம் போதும். பத்து நிமிடம் நிதானமாக ஓடி, நடுவில் சில நிமிடங்கள் விறுவிறுவென்று விரட்டி, மீண்டும் நிதானத்துக்கு வந்தால் அன்றைய வேலை முடிந்தது. சாலை சரியில்லாத ஊரில் லாட்ஜ் மாடிப்படி இருக்கவே இருக்கிறது. ஷூவை மட்டும் பெட்டியின் அடியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். ரயிலில் பெட்டி மாறினாலும் ஓட்டம் நிற்காது.

பிறகு கொடைக்கானல்! அந்த ஏரியைச் சுற்றினால் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். லெவிஞ்ச் துரை 1863-ல் அணை கட்டி உருவாக்கிய நட்சத்திர வடிவ ஏரி அது. அந்த வடிவத்தால் சாலை வளைந்துகொண்டே போகும். ஒவ்வொரு திருப்பத்திலும் தண்ணீர் புதுசாகத் தெரியும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம் என்பதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் சென்னையைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகக் குறைகிறது. முதல் நாள் வேகத்தை மறந்து மூச்சைக் கேட்டு ஓடுவதே சரி. நான்கு நாளில் ரத்தத்தில் சிவப்பணு கூடிவிடும் என்று நம்ப வேண்டாம், அதற்கு வாரக்கணக்கில் தங்க வேண்டும். போகட்டும்! பத்து டிகிரியை ஒட்டிய குளிரில், வியர்வை கண்ணை மறைக்காமல், யூகலிப்டஸ் வாசத்தில் இரண்டு சுற்று ஓடக் கிடைக்கிறதே, சென்னைக்காரனுக்கு அது ஒன்றே போதாதா?

அடுத்த விடுமுறைக்கு மைத்துனர் தென்காசிக்குக் கூப்பிட்டிருக்கிறார். அங்கிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர்தான். வடகிழக்கு மழை பெய்திருந்தால் மார்கழியிலும் அருவியில் தண்ணீர் விழும். விடியலில் ஓடிப்போய், சூடேறிய காலோடு அருவிக்கடியில் நின்று, திரும்பவும் ஓடியே வரப்போகிறேன். ஐயப்ப சாமிகள் கூட்டம் சேர்வதற்குள் போய்விடலாம் என்று மைத்துனரும் ஷூ வாங்கிவிட்டார்!