மூன்றில் இரண்டும் உடன்பாடும்

அன்றாடச் சட்டங்களை ஆளுங் கட்சி தன் பெரும்பான்மை கொண்டு ஆக்கலாம். அரசியற்றிட்டமோ ஆள்வோர்க்கும் எதிர்ப்போர்க்கும் பொதுவான விதியாதலின், அதனை மாற்றுதற்குப் பிற கட்சிகளினதும் சிறுபான்மையோரினதும் இசைவு வேண்டப்படும். அவ்விசைவைப் பெறுவித்தற்கு வகுக்கப்பட்டதே மூன்றில் இரண்டு பெரும்பான்மை என்னும் விதி. இலங்கையில் அவ்விதி தன் நோக்கத்தை நிறைவேற்றிற்றா என்பதே ஈண்டு ஆராயப்படும்.

1972 வரை நிலவிய சோல்பரி அரசியற்றிட்டத்தின் 29 ஆம் பிரிவு, ஒரு சமூகத்தையோ சமயத்தையோ வேறுபடுத்தித் தாழ்த்தும் சட்டங்களை ஆக்கற்க எனப் பாராளுமன்றத்தைத் தடுத்தது. திருத்தங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினரின் ஆதரவையும் அப்பிரிவே விதித்தது. 1970 தேர்தலில் 151 ஆசனங்களுள் 116 ஐப் பெற்ற ஐக்கிய முன்னணி, அத்திட்டத்தைத் திருத்த முற்படாது, அரசியல் நிர்ணய சபை கூட்டிப் புதியதொன்றை இயற்றிற்று. அச்சபையிற் பங்குபற்றிய தமிழரசுக் கட்சி, மொழி பற்றிய தன் திருத்தங்கள் ஏற்கப்படாமையால் 1971 இல் வெளியேறிற்று. 1972 இன் குடியரசுத் திட்டத்தில் 29 ஆம் பிரிவின் காப்பு இடம்பெறவில்லை. 1977 இல் 168 ஆசனங்களுள் 140 ஐ வென்ற ஐக்கிய தேசியக் கட்சி மறு ஆண்டே வேறொரு திட்டத்தை ஆக்கிற்று. இரண்டும் வென்றவர் திட்டங்களேயன்றி, நாட்டார் அனைவரும் உடன்பட்ட திட்டங்கள் அல்ல.

1978 திட்டம் புகுத்திய விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தால், ஒரு கட்சி தனித்து மூன்றில் இரண்டு பெறுதல் அரிதாயிற்று. இனிக் கட்சிகள் கூடிப்பேசித் தீரவேண்டும் எனப் பலர் எண்ணினர். ஆயின் 2010 இல், 144 ஆசனங்களை வென்றிருந்த ஆளுங் கூட்டமைப்பு, எதிரணியினின்று வந்தோரின் துணையுடன் 161 வாக்குகள் பெற்றுப் பதினெட்டாம் திருத்தத்தை நிறைவேற்றிற்று. ஒருவர் இருமுறைக்கு மேற் சனாதிபதியாதல் கூடாது என்னும் வரையறை அதனால் நீங்கிற்று. கூடிப்பேசுதற்குக் கட்சி மாறுதல் ஈடாயிற்று.

மக்கள் ஆணை பெற்ற கட்சியை ஏனையோரின் இசைவுக்குக் காத்திருக்கச் செய்தல் முறையோ என்பர் சிலர். ஆட்சி நடத்துதற்கு அவ்வாணை போதியதே; எனினும் அது ஐந்தாறு ஆண்டுகளுக்கு உரியது. அரசியற்றிட்டமோ அவ்வாட்சி நீங்கிய பின்னரும் நிற்பது.

இதனினும் சிந்திக்கத்தக்கது வேறொன்றுண்டு. சனாதிபதியின் அதிகாரங்களைக் குறைத்த பத்தொன்பதாம் திருத்தம் 2015 இல் 212 வாக்குகளால் நிறைவேறியது, எதிர்த்தவர் ஒருவரே. ஐந்தாண்டு கழிந்து, அவ்வதிகாரங்களைப் பெரிதும் மீட்டளித்த இருபதாம் திருத்தம் 156 வாக்குகள் பெற்றது. முன்னதை ஆதரித்தோர் பலர் பின்னதையும் ஆதரித்தனர். 2022 இல் 179 வாக்குகளுடன் இருபத்தோராம் திருத்தம் நிறைவேறி, அதிகாரங்கள் மீண்டும் குறைக்கப்பட்டன. ஆகவே, பெருந்தொகையான வாக்கும் காலத்துக்கேற்ற இணக்கமாகலாம். அதனை உடன்பாடு எனக் கொள்ளுதல் தவறு.

2024 தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களுள் 159 ஐப் பெற்றமையால், தனித்துத் திருத்தும் வலிமை மீண்டும் ஓரணியின் கையிற் சேர்ந்தது. வலிமையுடையோர் தம்மைத் தாமே கேட்கவேண்டிய வினா ஒன்றே: நாம் எதிரணியில் அமருங்காலும் இவ்விதியை ஏற்போமா? அவ்வினாவுக்கு ஆம் என விடை கூறக்கூடிய திட்டமே, சிறுபான்மையோரும் தம்முடையதெனக் கொள்ளும் திட்டமாய் நிலைபெறும்.