பஸ்ஸுக்கு டிக்கெட்டா, பயணத்துக்கு டிக்கெட்டா?

2025 ஜூனில் இன்ஸ்டாகிராம் புண்ணியத்தில் கூமாப்பட்டிக்கு வழி கேட்டவங்க ஏராளம். ஆனா தினமும் அங்கிருந்து வத்திராயிருப்பு வழியா ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வேலைக்குப் போறவங்களோட கேள்வி வேறு: எந்த பஸ்ஸுல ஏறினா கட்டுப்படியாகும்?

2021 மே 8 முதல் அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதனால் பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொல்கிறது. தமிழ்நாட்டின் மிக நல்ல திட்டங்களில் இதுவும் ஒன்று. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. சலுகை பயணிக்குக் கொடுக்கப்படவில்லை, வண்டிக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

ஒரே ரோடு, ஒரே தூரம். டவுன் பஸ் வந்தால் பூஜ்ஜியம் போட்ட டிக்கெட். புறநகர் பஸ் வந்தால் காசு. தனியார் பஸ், மினி பஸ் என்றாலும் காசுதான். 2018 ஜனவரி இறுதியில் நிர்ணயித்தபடி புறநகர் சாதாரண பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 58 பைசா. கணக்குக்கு 25 கிலோமீட்டர் என்று வைத்தால் 14 ரூபாய் 50 காசு. ஸ்டேஜ் கணக்கில் முன்னே பின்னே ஆகும். போக வர, மாதம் 25 நாள் என்றால் 725 ரூபாய். அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்க டவுன் பஸ்ஸுக்குக் காத்திருக்கணும். தாமதமானா வேலை போகும், காத்திருக்காட்டி காசு போகும்.

சிவகாசி, விருதுநகர் வரை போகிறவர்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ரயில் உண்டு. ரயில்வே மாத சீசன் டிக்கெட்டின் விலை ஏறக்குறைய 15 ஒருவழிப் பயணத்தின் கட்டணம். அதாவது மாதத்தில் எட்டு நாள் போய் வந்தாலே அசல் வந்துவிடும். மூன்று மாத சீசன் இன்னும் மலிவு: மாதக் கட்டணத்தைப் போல் 2.7 மடங்குதான். ஆனால் ஸ்டேஷன் வரைக்குமான பஸ் செலவு அதில் சேராது. சூப்பர்ஃபாஸ்ட் வண்டி என்றால் கூடுதல் கட்டணமும் உண்டு.

சென்னையில் 1,000 ரூபாய் மாத பாஸ் வைத்திருப்பவர் ஏசி அல்லாத மாநகர பஸ் எதிலும் ஏறலாம். போர்டைப் பார்க்க வேண்டியதில்லை. ஜெர்மனியில் 2023 மே மாதம் 49 யூரோவுக்கு ஒரு டிக்கெட் கொண்டுவந்தார்கள். நாடு முழுக்க உள்ளூர் பஸ், டிராம், வட்டார ரயில் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். அங்கே பணம் பயணத்துக்கு, இங்கே வண்டிக்கு.

அவ்வளவு பெரிய மாற்றம்கூட வேண்டாம். குறிப்பிட்ட தூரம் வரை எந்த அரசு சாதாரண பஸ்ஸிலும் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று விதியை மாற்றி எழுதினால் போதும். நகரத்தில் பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் வரும் இடத்துக்காக எழுதின விதி, பஸ் எப்போதாவது வரும் ஊரில் பாதிதான் பலன் தருகிறது. அதிகம் காத்திருக்க வேண்டிய ஊருக்குக் குறைந்த சலுகை என்பது எந்தக் கணக்கில் நியாயம்?