உள்ளங்கைச் சங்கதிகள்

ஆப்பிள் நிறுவனத்தின் ஐபாட் 2001 அக்டோபரில் அறிமுகமானபோது அதைப் பாராட்டிப் பல பத்திரிகைகள் எழுதின. வளையத்தை விரலால் சுற்றும் சுகம், வெள்ளை ஒயர், முகம் தெரியும் முதுகுத் தகடு என்று ஒவ்வொன்றுக்கும் ரசிகர்கள் இருந்தார்கள். பாராட்டத் தகுந்த பொருள்தான். ஆனால் அதற்கு நாலைந்து வருஷம் கழித்து, நெய்வேலி மெயின் பஜார் கடைகளின் கண்ணாடிப் பெட்டிக்குள் கால்குலேட்டருக்கும் கைக்கடிகாரத்துக்கும் நடுவில் வந்து உட்கார்ந்த சீன எம்.பி.ஃபோர் பிளேயரைப் பற்றி யாரும் மெச்சி எழுதி நான் படித்ததில்லை. ஆயிரத்துச் சொச்சம் ரூபாய், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம், 1.8 அங்குலத் திரை. அந்த விலைக்குள் எத்தனை நுணுக்கமான யோசனைகளை அடைத்திருந்தார்கள் என்பதை இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது.

மேலே ஒட்டியிருக்கும் பெயர் கடைக்குக் கடை மாறும். உள்ளே பெரும்பாலும் ஒரே குடும்பத்துச் சில்லுதான்: சீனாவின் சூஹாய் நகரத்து ஆக்‌ஷன்ஸ் செமிகண்டக்டர் செய்தது. அந்தக் குடும்பத்தின் பல சில்லுகளில் இயங்கியது இசட்-80 வகை மூளை. ஸைலாக் நிறுவனம் 1976-ல் கொண்டுவந்த எட்டு பிட் வடிவமைப்பு அது. 1982-ல் இங்கிலாந்துப் பிள்ளைகள் விளையாடக் கற்ற ஸ்பெக்ட்ரம் கணினிக்குள்ளும் அதுதான் இருந்தது. முப்பது வருஷப் பழமையான மூளையை வேலை வாங்கி, பக்கத்தில் ஒலிக்கணக்கு போட மட்டும் தனியாக ஓர் உறுப்பைத் துணைக்கு வைத்து, அதைப் பாட வைத்தார்கள், படமும் காட்ட வைத்தார்கள். மலிவாகச் செய்வதற்கும் ஒரு கலைத்திறன் வேண்டும். அந்தத் திறனை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் அதன் வீடியோ முறையைத்தான் பார்க்கவேண்டும்.

வழக்கமான வீடியோ முறைகள் ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையில் என்ன மாறியது என்பதையே பெரும்பாலும் குறித்துவைக்கும். இடம் மிச்சமாகும், ஆனால் விரித்துக் காட்டும்போது கணக்கு கழுத்தை நெரிக்கும். எட்டு பிட் மூளைக்கு அது தாங்காது. ஆகவே ஏ.எம்.வி. என்ற முறையை வகுத்தவர்கள் வேறு வழியில் போனார்கள். ஒவ்வொரு காட்சியும் ஒரு தனிப் புகைப்படம், முன்னதோடும் பின்னதோடும் அதற்கு எந்தச் சம்பந்தமும் கிடையாது. சாதாரணமாக ஜேபெக் படம் ஒவ்வொன்றும் தன்னை விரிப்பதற்கான அட்டவணைகளைத் தலையில் சுமந்துகொண்டு வரும். அந்தச் சுமையையும் இறக்கி, அட்டவணைகளைப் பிளேயருக்குள்ளேயே நிரந்தரமாகப் பதித்துவிட்டார்கள். படங்கள் தலைகீழாகப் பதியப்பட்டிருக்கும்; பிளேயர் அவற்றை நிமிர்த்திக் காட்டும். ஒலி ஒற்றைத் தடம், 22,050 ஹெர்ட்ஸ். நொடிக்குப் பத்துப் பன்னிரண்டு காட்சி ஓடினால் போதும் என்று ஓர் எல்லையை வைத்துக்கொண்டு, அந்த எல்லைக்குள் சுத்தமாக வேலை செய்தார்கள்.

இதனால் எது அழகாகத் தெரியும், எது தெரியாது என்று ஒரு கணக்கு உண்டு. நாற்பது பேர் ஆடும் பாட்டு அந்தத் திரையில் கரைந்துபோகும். முகத்தை அருகில் காட்டும் காட்சி நிற்கும். எல்லாவற்றையும்விட அதில் சிறந்தது கவுண்டமணி–செந்தில் காமெடி. இரண்டு முகம், ஒரு டீக்கடை பெஞ்ச், மிச்சம் எல்லாம் பேச்சு. நெய்வேலி ஆர்ச் கேட்டில் சென்னைப் பஸ்ஸில் ஏறி, பண்ருட்டி தாண்டி விக்கிரவாண்டி வருவதற்குள் அரை டஜன் காட்சிகள் ஓடிவிடும். பக்கத்து இருக்கைக்காரர் கழுத்தை வளைத்து எட்டிப் பார்ப்பார். இயர்போனின் ஒரு காதை அவரிடம் கொடுத்துவிடுவது வழக்கம். ஒற்றைத் தட ஒலி என்பதால் இருவருக்கும் ஒன்றும் குறையாது.

பாட்டுக்கு வருகிறேன். உலகின் முதல் எம்.பி.த்ரீ பிளேயர்களில் ஒன்றான கொரியாவின் எம்.பி.மேன் 1998-ல் வந்தபோது அதன் கொள்ளளவு 32 எம்.பி., அதாவது அரைமணி நேரப் பாட்டு. நம் கைக்கு வந்ததில் ஒரு ஜி.பி. அதை நிரப்பித் தருவதற்கென்றே கடைகள் இருந்தன. ‘மெமரி கார்டு, பென் டிரைவில் பாட்டு ஏற்றித் தரப்படும்’ என்று கணினியில் அடித்த தாள் ஒட்டியிருக்கும். பேச்சு இப்படிப் போகும்:

“அண்ணே, ராஜா பாட்டு மட்டும் ஏத்துங்க. எண்பதுலேர்ந்து தொண்ணூறு வரைக்கும்.”

“எத்தனை ஜி.பி. தம்பி?”

“ஒண்ணு.”

“அப்ப எர்நூறு பாட்டு வரும். சோகப் பாட்டு போடவா, வேணாமா?”

அந்தக் கடைசிக் கேள்வி கேட்கிற கடைக்காரர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. எண்பதுகளில் வெற்றுக் கேசட்டையும் துண்டுச் சீட்டில் எழுதிய பாட்டுப் பட்டியலையும் வாங்கிக்கொண்டு, இந்தப் பாட்டுக்குப் பின்னால் அது வந்தால் சரிப்படாது என்று தானே வரிசையை மாற்றிப் பதிந்துகொடுத்த ரெக்கார்டிங் கடைக்காரர்களின் வாரிசுகள் அவர்கள். வரிசை இந்தப் பிளேயரிலும் முக்கியம். பெயரை வைத்து அகர வரிசையில் அடுக்கும் வழக்கம் மலிவுப் பிளேயர்கள் பலவற்றில் கிடையாது. எந்த வரிசையில் ஏற்றினோமோ அந்த வரிசையில்தான் பாடும். குறை என்று சொல்பவர்கள் சொல்லட்டும். எனக்கு இது பெரிய சௌகரியம். ஒவ்வொன்றாக, யோசித்து யோசித்து ஏற்றினால் ஒரு கச்சேரியையே வகுத்துவிடலாம். வர்ணம் முதலில், விறுவிறுப்பான ஒரு கிருதி, பிறகு விஸ்தாரம், கடைசியில் திருப்புகழ், மங்களம். நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றவேண்டும். அதனாலேயே முதல் தடவை அக்கறையாக ஏற்றுவோம்.

ஒலி எப்படி? 128 கிலோபிட்டில் செதுக்கிய எம்.பி.த்ரீ, சி.டி.யில் இருப்பதில் ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்குதான். ஒரு பலத்த ஒலி கேட்கும்போது அதை ஒட்டியிருக்கும் மெல்லிய ஒலி நம் காதில் விழாது என்ற உண்மையை வைத்து, விழாததை எல்லாம் கழித்துவிடுகிறது. குரலிலும் புல்லாங்குழலிலும் இந்தக் கழித்தல் தெரியாது. ஜால்ராவில் தெரியும்: 64 கிலோபிட்டுக்கு இறக்கினால் அந்தச் சின்ன உலோக நாதம் தண்ணீருக்குள் சுழல்வதுபோல் ஆகிவிடும். கடத்தின் அடிகூட, விழுவதற்கு ஒரு நொடிச் சிதறல் முன்பே மூச்சுவிடும். 128-க்குக் கீழே போகாதீர்கள் என்று ஏற்றுபவரிடம் சொன்னால் போதும். காதுக்குள் இருக்கும் இயர்போனில் இளையராஜாவின் பேஸ் கிட்டார் தனியாக நடந்துபோவது கேட்கும். வீட்டு டேப் ரிக்கார்டரில் வருஷக்கணக்காகக் கேட்ட பாட்டுக்கு அடியில் இன்னொரு மெட்டு ஓடிக்கொண்டிருந்தது என்று பலருக்குத் தெரிந்ததே அப்போதுதான்.

ஈக்வலைஸரில் நேச்சுரல், ராக், பாப், கிளாசிக், சாஃப்ட், ஜாஸ், டி.பி.பி. என்று ஏழு வகை. நாதஸ்வரத்தை நினைத்து யாரும் வைத்ததல்ல. ஆனாலும் தேடினால் நமக்கானது இருக்கும். என் காதுக்கு வீணைக்கு ஜாஸ், தவில் அதிர வேண்டுமென்றால் டி.பி.பி., மற்றெல்லாவற்றுக்கும் நேச்சுரல். மின்புத்தகம் என்று ஒன்றும் கொடுத்திருந்தார்கள். தமிழ் எழுத்துரு இல்லாததால் நமக்குப் பயன்படவில்லை.

பண்பலை வானொலியும் அதில் உண்டு. அதற்குத் தனி ஆன்டெனா இல்லை, இயர்போன் ஒயர்தான் ஆன்டெனா. எவ்வளவு சிக்கனமான யோசனை! நெய்வேலி டவுன்ஷிப்பின் மரச்செறிவான வட்டங்களில், அதாவது பிளாக்குகளில், நின்றுகொண்டு புதுச்சேரி வானொலியைப் பிடிக்கும்போது, ஒயரைத் தோளுக்குக் குறுக்கே போடுவதா, நேராகத் தொங்கவிடுவதா என்பதெல்லாம் கணக்கில் வரும். பாட்டு பிடித்திருந்தால் ஓடும்போதே பதிவும் செய்துகொள்ளலாம்.

பதிவு என்றதும் ஜூலை மாதப் புத்தகக் கண்காட்சி ஞாபகம் வருகிறது. 1998-ல் தொடங்கிய நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் மாலை நிகழ்ச்சிகள் விசேஷம். லிக்னைட் ஹால் வளாகத்தில் சொற்பொழிவு நடக்கும்போது சட்டைப் பையில் பிளேயரைப் பதிவில் போட்டுவிட்டு உட்கார்ந்தால் போதும். ஏ.சி.டி. என்ற அதன் பேச்சுப்பதிவு முறை நொடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோபைட்தான் எடுத்துக்கொள்ளும். ஒரு மணி நேரப் பேச்சு ஒரு சினிமாப் பாட்டின் இடத்துக்குள் அடங்கிவிடும். பாட்டுக்கு அது ஆகாது. பேச்சாளரின் குரல், கூட்டத்தின் சிரிப்பு, பின்னால் ஒரு குழந்தையின் அழுகை மூன்றையும் பிரித்துக் கேட்கும் அளவுக்குத் தெளிவு இருந்தது. அதற்குமேல் எதற்கு?

பக்கவாட்டில் ஹோல்டு என்று ஒரு சின்ன நகர்த்தி. அதைத் தள்ளிவிட்டால் பையில் எந்தப் பொத்தான் அமுங்கினாலும் பாட்டு மாறாது. இருட்டில், பார்க்காமல், கட்டைவிரல் நகத்தாலேயே தள்ளலாம். தொடுதிரை வந்தபின் அந்தச் சுகம் போயிற்று. தூக்க நேரம் குறிக்கும் வசதியையும் சொல்லவேண்டும். மூன்று ஷிஃப்டில் சுரங்கமும் அனல்மின் நிலையமும் ஓடும் ஊரில், எந்த நேரத்திலும் எந்த வட்டத்திலும் யாராவது பகலில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, தெருவில் ஸ்கூல் பிள்ளைகளின் சத்தம் கேட்கும்போது கண்ணை மூட வேண்டியவருக்கு, இருபது நிமிஷம் பி.பி.ஸ்ரீனிவாஸ் பாடிவிட்டுத் தானே அணைந்துபோகும் கருவி எவ்வளவு பெரிய உதவி!

இத்தனையிலும் என் மனசைக் கவர்ந்தது ஏ–பி ரிப்பீட். பாட்டு ஓடும்போது ஓரிடத்தில் அமுக்கினால் அது ஏ, இன்னோர் இடத்தில் அமுக்கினால் பி. அந்தத் துண்டு மட்டும் திரும்பத் திரும்ப ஓடும். ஆங்கிலம் போன்ற மொழிகளைப் படிக்கிறவர்களை மனதில் வைத்துச் செய்தது. அதனால்தான் ஓட்டத்தின் வேகத்தைக் குறைக்கும் வசதியும் உண்டு. சில பிளேயர்களில் கேட்டதைச் சொல்லிப் பதிந்து, மூலத்தோடு ஒப்பிட்டுக் கேட்கும் வசதியும் உண்டு. எந்த மொழிக்காகச் செய்தாலும் அது போய்ச் சேர்ந்த இடம் நம் வீடுகளில் பாட்டுப் படிக்கும் பிள்ளைகள். சங்கீத கலாநிதி நெய்வேலி சந்தானகோபாலனின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர் இது. மாலையில் குவார்ட்டர்ஸ் தெருக்களில் நடந்தால் எங்காவது ஒரு சரளி வரிசை காதில் விழும்.

என் அக்கா மகள் ஒரு தோடி ராகக் கிருதியை இதில் வைத்துப் பழகினாள். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கும் ஸ்வரம் அல்ல. ரிஷபத்திலிருந்து எழும்பி மத்தியமத்தை உரசி அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவு பல்லவியின் மூன்றாவது சங்கதியில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பொத்தானால் குறிப்பதற்கே காது நன்றாகத் தீட்டப்பட்டிருக்க வேண்டும். ஏ-வைக் கொஞ்சம் முன்னால் வைத்தால் முந்தைய வார்த்தையின் வால் ஒட்டிக்கொள்ளும், பின்னால் வைத்தால் எழும்பும் இடம் அறுந்துபோகும். குறித்துப் பழகப் பழகவே பாதிப் பாடம் ஏறிவிடுகிறது.

அதைவிட நுட்பமானது ஒன்று அமைப்புப் பட்டியலின் அடியில் ஒளிந்திருந்தது. ஒரு தடவை ஓடியதற்கும் மறு தடவை ஓடுவதற்கும் நடுவில் எத்தனை நொடி மௌனம் வேண்டும் என்று நாமே வைத்துக்கொள்ளலாம்.

“மாமா, அந்த கேப்பை அஞ்சு செகண்டாக்கிக் குடுங்க. மூணுல மூச்சு வாங்க முடியல” என்றாள்.

ஐந்தாக்கிக் கொடுத்தேன். பிளேயர் ஒரு வரி பாடியது, நிறுத்தியது. அவள் பாடினாள். திரும்பவும் அது பாடியது. பாய் விரித்து எதிரில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் செய்வது இதைத்தான்: தான் பாடுவது பாதி, சிஷ்யைக்கு இடம்விடுவது மறுபாதி. கேப் என்று சுருக்கமாக எழுதியிருந்த அந்த அமைப்பில், கற்பவருக்கு மூச்சு உண்டு, திரும்பச் சொல்ல நேரம் வேண்டும் என்று யாரோ ஒரு பொறியாளர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். ஆயிரத்துச் சொச்ச ரூபாய்ப் பொருளில் அதை விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் விடவில்லை.

செல்போன் வந்து இந்தப் பிளேயர்களைப் பஜாரிலிருந்து ஏறக்குறைய அகற்றிவிட்டது. போனோடு வரும் பாட்டுச் செயலிகள் பலவற்றில் ஏ–பி இல்லை. தேடி இறக்கிக்கொள்ள வேண்டும். ஆனால் பொத்தான் வைத்த சின்னப் பிளேயர்கள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. பாட்டுப் படிக்கும் பிள்ளைக்கு வாங்குவதானால், எத்தனை ஜி.பி., திரை எவ்வளவு பெரிசு என்பதைப் பிறகு கேளுங்கள். கடையிலேயே ஒரு பாட்டை ஓடவிட்டு, ஏ–பி இருக்கிறதா, நடுவில் இடைவெளி வைக்க முடிகிறதா, ஹோல்டு நகர்த்தி நகத்துக்கு அகப்படுகிறதா என்று முதலில் பார்த்து வாங்குங்கள்.