முகமும் ஆடையும்: புகைப்படக் கல்வி குறித்த ஒரு விமர்சன நோக்கு

புகைப்படக் கலையைப் பயிற்றும் நிறுவனங்கள் சிலவற்றில் மாணவர் இன்று இருவகைக் கருவிகளோடு பழகுகின்றனர். பிலிமிற் படம்பிடித்து இருட்டறையிற் கழுவி அச்சிடுவது ஒரு பயிற்சி; டிஜிற்றல் கமராவினாற் பிடித்துக் கணினித் திரையிற் செப்பனிடுவது மற்றொன்று. இப்பயிற்சிகளுள் உருவப்படமும் ஆடையலங்காரப் படமும் தனிக் கவனத்துக்குரியன. ஏனெனில் இவை இரண்டிலும் கமராவின் முன் நிற்பது மலையோ மரமோ அன்று. தன்னைப் பிறர் பார்க்கின்றனர் என்பதை அறிந்த மனிதர். ஆகவே இத்துறையிற் கருவி பற்றிய விவாதம் மனித உறவு பற்றிய விவாதமாகவும் அமைதல் வேண்டும். நடைமுறையில் அவ்வாறு அமைவதில்லை என்பதே இங்கு எடுத்துக்காட்டப்படுவது.

பிலிமின் சார்பிற் பேசுவோர் கூறும் நியாயம் நன்கறியப்பட்டது. றோலிபிளெக்ஸ் போன்ற கமராவில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்களே உண்டு. முப்பத்தைந்து மில்லிமீற்றர்ச் சுருளில் முப்பத்தாறு. ஒவ்வொரு படத்துக்கும் செலவு உண்டு. எனவே மாணவன் ஒளியை முன்கூட்டியே அளக்கிறான். எண்ணிப் பார்த்த பின்னரே பொத்தானை அழுத்துகிறான். டிஜிற்றல் கமராவோ நூற்றுக்கணக்கிற் பிடிக்க இடமளித்து அவனைக் கவனமற்றவனாக்குகிறது. சுருங்கக் கூறின், பிலிம் பொறுமையைப் போதிக்கும், டிஜிற்றல் அவசரத்தைப் போதிக்கும் என்பது இவர்தம் கருத்து.

தொடக்க நிலை மாணவரைப் பொறுத்தவரை இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயின் கலை வரலாறு இதனை முழுமையாக ஆதரிக்கவில்லை. ஆடையலங்காரப் படத்திலும் உருவப்படத்திலும் ஒருங்கே புகழ்பெற்ற றிச்சர்ட் அவெடன் (1923–2004) 1979 முதல் 1984 வரை அமெரிக்காவின் மேற்குப் பகுதியிற் பயணஞ்செய்து, சுரங்கத் தொழிலாளர், கூலியாட்கள், நாடோடிகள் முதலியோரைப் படம்பிடித்தார். ரெக்சாஸ் மாநிலத்தின் போட்வேர்த் நகரிலுள்ள ஏமன் காட்டர் அரும்பொருளகம் அவரை இப்பணியில் ஈடுபடுத்தியது. 1985இற் கண்காட்சியும் நூலும் வெளிவந்தன. அவர் கையாண்டது எட்டங்குல அகலமும் பத்தங்குல நீளமும் கொண்ட தனித்தனிப் பிலிம் தாள்களை ஏற்கும் பெரிய மரக் கமரா. அத்தகைய தாள்களில் ஏறத்தாழ 17,000 செலவாயின. கமராவின் முன் நின்றோர் ஏறத்தாழ 750 பேர். இறுதியில் தெரிவானவை நூற்றிருபதுக்குச் சற்று மேற்பட்ட படங்களே. ஒருவருக்குச் சராசரியாக இருபதுக்கு மேற்பட்ட தாள்கள் என்பது சிக்கனத்தின் கணக்கன்று. சிக்கனம் பிலிமின் இயல்பாக இருந்திருப்பின் மிகச் செலவுமிக்க பிலிமே மிகக் குறைவாகப் பயன்பட்டிருத்தல் வேண்டும். மாணவனைச் சிக்கனப்படுத்துவது அவனது பணவசதியே.

அவ்வாறாயின் இரு முறைகளுக்குமிடையே வேறுபாடு இல்லையா? உண்டு. அதனைப் படங்களின் எண்ணிக்கையிலன்றிக் கண்ணின் திசையிலே தேடுதல் தகும். அவெடன் பயன்படுத்திய வகைக் கமராவிற் பிலிம் தாளைச் செருகிய பின் பின்புறக் கண்ணாடியிற் பிம்பத்தைக் காண இயலாது. ஆகவே அவர் கமராவின் பக்கத்தில், வில்லைக்கு அருகில் நின்று, எதிரே நிற்பவரை நேருக்கு நேர் பார்த்தவாறே படம்பிடித்தார். பிம்பம் மறைந்ததும் மனிதர் எஞ்சினார். டிஜிற்றல் கமராவில் நிலைமை எதிரானது. ஒவ்வொரு படத்தின் பின்னும் மாணவனின் தலை கமராவின் முதுகிலுள்ள சிறு திரையை நோக்கிக் குனிகிறது. வணிக ஸ்ரூடியோக்களில் அப்படம் பெரிய திரைக்கும் உடனுக்குடன் செல்கிறது. விளம்பரதாரர், ஒப்பனையாளர், பதிப்பாளர் எல்லோரும் அதனைச் சூழ்ந்து நின்று கருத்துரைக்கின்றனர். ஒளியின் நடுவே நிற்கும் பெண் தன் முகத்தைப் பற்றிய தீர்ப்பைப் பிறரின் முகங்களில் வாசிக்க வேண்டியவளாகிறாள். இது கருவியின் விதியன்று, பழக்கத்தின் விளைவு. பழக்கத்தைத் திருத்துவதே கல்வியின் கடமை.

இரண்டாவது வேறுபாடு தெரிவைப் பற்றியது. இவ்விடத்து அலெக்சி புறொடோவிச்சின் கற்பித்தல் முறை நினைவுகூரத்தக்கது. றஷ்யாவிற் பிறந்து, 1934 முதல் 1958 வரை ‘ஹார்ப்பர்ஸ் பஸார்’ சஞ்சிகையின் கலை நெறியாளராக விளங்கிய இவரிடமே, 1930களிற் பிலடெல்பியாவில் இர்விங் பென்னும், 1940களில் நியூயோர்க்கில் அவெடனும் பயின்றனர். கருவி நுட்பத்தைப் படிப்படியாகப் போதிப்பது இவரது முறையன்று. மாணவர் தத்தம் படங்களைக் கொண்டுவருவர். வகுப்பு முழுவதும் அவற்றைக் கூர்ந்து விமர்சிக்கும். 1945இல் வெளிவந்த இவரது ‘பலே’ என்னும் நூலின் படங்கள் மங்கலும் அசைவும் நிறைந்தவை. நுட்ப விதிகளை மீறியவை. பிடிப்பதிலும் பார்க்கத் தெரிந்தெடுப்பதே கடினம் என்பதை அவர் வகுப்பு உணர்த்தியது எனலாம்.

பிலிம் முறையில் இத்தெரிவுக்கு உறுதுணையானது ‘கொன்ராக்ற்’ தாள். ஒரு சுருளின் கீற்றுகள் யாவற்றையும் ஒரே தாளில் அவற்றின் இயல்பான அளவில் அச்சிடும்போது, வெற்றியும் தோல்வியும் அருகருகே நிற்கின்றன. முகம் எப்போது இறுகியது, எப்போது நெகிழ்ந்தது, எந்த இடத்தில் மாணவன் பொறுமையிழந்தான் என்பதையெல்லாம் ஆசிரியர் அத்தாளிற் காண்கிறார். டிஜிற்றல் கமராவிலோ அழிக்கும் பொத்தான் உண்டு. பிடித்த கணத்திலேயே பிடிக்காததை நீக்கிவிடும் மாணவன் தன் தவறுகளின் சான்றைத் தானே அழிக்கிறான். பிறர் விமர்சிக்க எஞ்சுவது அவன் காட்ட விரும்பியது மட்டுமே. டிஜிற்றல் முறையின் மெய்யான குறை மிகையாகப் பிடிப்பதிலும் பார்க்க, அவசரப்பட்டு அழிப்பதிலேயே உள்ளது.

ஆயினும் பிலிமைப் போற்றுவோர் மறந்துவிடும் மறுபக்கம் ஒன்று உண்டு. இருட்டறையிற் பிம்பம் தோன்றும் வேளையிற் படத்துக்குரியவர் அங்கு இருப்பதில்லை. பார்ப்பது, தெரிவது, வெளியிடுவது ஆகிய அதிகாரம் முழுவதும் படம்பிடித்தவரிடமே தங்கிவிடுகிறது. அவெடனின் மேற்குப் பகுதிப் படங்கள் பற்றி எழுந்த கண்டனத்தின் சாரமும் இதுவே. வெண்திரையின் முன் நிறுத்தப்பட்ட உழைப்பாளர் தம் ஊரையும் சூழலையும் இழந்து, நியூயோர்க் கலைஞர் ஒருவரின் துயர நோக்குக்கு உருவங்களாக மாறினர் என விமர்சகர் பலர் வாதித்தனர். அத்தொகுதியிற் புகழ்பெற்ற, உடலெங்கும் தேனீக்கள் மொய்க்க நிற்கும் மனிதரின் படம், தேனீ வளர்ப்போரின் சஞ்சிகையில் விளம்பரஞ்செய்து ஆளைத் தேடி, திட்டமிட்டு அமைக்கப்பட்டது. தம் படங்கள் தமது நோக்கின் வெளிப்பாடே என்பதை அவெடனும் மறைக்கவில்லை. அந்த நேர்மை பாராட்டுக்குரியது. ஆயின் கமராவின் முன் நின்றவரின் குரலுக்கு அது ஈடாகாது.

இர்விங் பென்னின் (1917–2009) அனுபவம் இப்பிரச்சினையை மேலும் தெளிவாக்குகிறது. 1950இல் ‘வோக்’ சஞ்சிகைக்காகப் பரிஸ் நகரின் உயர்தர ஆடைகளைப் படம்பிடித்த பென், அதே ஸ்ரூடியோவில், அதே பழைய நாடகத் திரையின் முன், அதே வானொளியிற் கசாப்புக்காரர், பணியாளர், தெருவணிகர் முதலியோரையும் நிறுத்தினார். தொழிலுடையிலும் தொழிற் கருவியோடும் வருமாறு அவர்களிடம் கேட்கப்பட்டது. பின்னர் இலண்டனிலும் நியூயோர்க்கிலும் இப்பணி தொடர்ந்தது. விலையுயர்ந்த கவுணும் இறைச்சிக்கறை படிந்த மேலங்கியும் ஒரே ஒளியிற் சம மதிப்புப் பெற்றன. உருவப்படமும் ஆடையலங்காரப் படமும் இரு வேறு பாடங்கள் அல்ல என்பதற்கு இதனிற் சிறந்த சான்று அரிது. ஆடை மனிதனின் சமூக நிலையைப் பேசுகிறது. முகம் அந்நிலையை அவன் எவ்வாறு தாங்குகிறான் என்பதைப் பேசுகிறது.

ஆயின் நியூயோர்க்கில் அழைக்கப்பட்டோர் சிலர் தொழிலுடையைக் களைந்து, முகச்சவரஞ் செய்து, ஞாயிற்றுக்கிழமை அணியும் கறுப்பு உடையோடு வந்து நின்றனர் எனப் பென் பிற்காலத்தில் எழுதியுள்ளார். அதனை அவர் சற்று நகைச்சுவையோடு குறிப்பிடுகிறார். ஆழ்ந்து நோக்கின் அது நகைப்புக்குரியதன்று. ‘நான் இவ்வாறே பார்க்கப்பட விரும்புகிறேன்’ என்று உழைப்பாளி ஒருவன் தன் உடையாற் கூறிய கூற்று அது. கலைஞர் தேடியது தொழிலாளியை. வந்து நின்றவன் தன்னை வேறு விதமாகக் கருதிய மனிதன். இம்முரண்பாட்டை எதிர்கொள்ளாத எந்த உருவப்படக் கல்வியும் முழுமையடையாது.

டிஜிற்றல் கருவியின் மெய்யான பேறு இவ்விடத்திலேயே வெளிப்படுகிறது. படம் உடனே தெரிவதால் அதனைப் படத்துக்குரியவருக்கும் உடனே காட்டலாம். அவர் மறுக்கலாம், திருத்தஞ் சொல்லலாம், மீண்டும் நிற்கலாம். இன்று விளம்பரதாரரை நோக்கித் திரும்பியிருக்கும் திரையை ஒளியின் நடுவே நிற்பவரை நோக்கித் திருப்புவது நுட்பத்தாற் கடினமன்று, மனப்பாங்கினாற் கடினம். எனவே மாணவருக்கு விதிக்கத்தக்க பயிற்சிகள் இரண்டு. டிஜிற்றலிற் பிடித்த படம் ஒன்றையும் அழிக்காது முழு வரிசையையும் வகுப்பின் முன் வைத்தல் ஒன்று. பிலிமிற் பிடித்த அச்சைப் படத்துக்குரியவரிடம் எடுத்துச்சென்று அவர் கூற்றைக் கேட்ட பின்னரே தெரிவு செய்தல் மற்றொன்று. முன்னது பிலிமின் நற்பண்பை டிஜிற்றலுக்கும், பின்னது டிஜிற்றலின் நற்பண்பைப் பிலிமுக்கும் வழங்கும். மாணவனைக் கலைஞனாக மதிப்பிடும் நாளில், அவன் கையிலிருந்த கருவியோடு, அவன் முன் நின்றவர் என்ன கூறினார் என்பதும் கேட்கப்படல் வேண்டும்.