ஏழைப் பிள்ளையின் இரு படங்கள்

ஈகையைப் பற்றித் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர் அத்துடன் அமைந்துவிடவில்லை. பொருட்பாலில் இரவு, இரவச்சம் என மேலும் இரண்டு அதிகாரங்களை வகுத்தார். கொடுக்கும் கையின் சிறப்பைச் சொன்ன அப்புலவரே ஏந்தும் கையின் துன்பத்தையும் சொன்னார். அறச்செயலுக்கு இரண்டு பக்கங்கள் உண்டு என்பதும், ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து அதனை அளந்துவிட முடியாது என்பதும் இவ்வைப்பு முறையால் விளங்கும். இவ்வளவுகோல் கொண்டு நோக்கத்தக்க காலம் ஒன்று உண்டு. அது விக்டோரியா மகாராணியார் இங்கிலாந்தை ஆண்ட 1837 முதல் 1901 வரையுள்ள காலம். அனாதை இல்லங்களும் ஏழைப் பள்ளிகளும் தரும சங்கங்களும் அந்நாட்டில் பெருகிய காலம் அது. கொடுத்தோர் பெயர் கல்லிலும் ஏட்டிலும் நிலைத்துவிட்டது. பெற்றுக்கொண்ட பிள்ளைகளின் கதையோ பெரும்பாலும் கொடுத்தோர் வாயிலாகவே உலகிற்குத் தெரியவந்தது.

அக்கதையின் மிகச் சுருங்கிய வடிவத்தை இரண்டு புகைப்படங்களில் காணலாம். ஒன்றில், கிழிந்த உடையும் வெறுங்காலும் கலைந்த தலைமுடியுமாக ஒரு சிறுவன் நிற்கிறான். மற்றொன்றில், அதே சிறுவன் தலைவாரி, தூய உடை அணிந்து, தொழிற்கருவியுடன் காட்சி தருகிறான். முன்பு தெருவில் திரிந்தவன், இன்று தொழிலாளி என்னும் கருத்துப்பட அடியில் ஒரு வரி காணப்படும். கிழக்கு லண்டனில் இல்லம் நடத்திய தாமஸ் பர்னார்டோ 1870களில் இத்தகைய அட்டைகளை வெளியிட்டார். தனி அட்டையின் விலை ஆறு பென்ஸ்; இருபது அட்டைகள் கொண்ட கட்டின் விலை ஐந்து சில்லிங். இவ்வட்டைகளை வெறும் விளம்பரம் என்று ஒதுக்கிவிடாமல், கதை சொல்லும் ஒரு படைப்பாகவே கொண்டு ஆராய்தல் தகும். அவை எதைக் காட்டின, எதைக் காட்டாமல் விட்டன என்பதே கேள்வி.

பர்னார்டோ 1845இல் டப்ளின் நகரில் பிறந்தவர். சீன நாட்டிற்குச் சென்று மருத்துவத் தொண்டும் சமயத் தொண்டும் புரியும் எண்ணத்துடன் 1866இல் லண்டன் வந்தார். அவ்வாண்டில் வாந்திபேதி கிழக்கு லண்டனைச் சூறையாடியது. அங்குக் கண்ட வறுமை அவரைச் சீனப் பயணத்தை மறக்கச் செய்தது. 1867இல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1870இல் ஸ்டெப்னி காஸ்வே என்னும் தெருவில் சிறுவர்க்கு இல்லம் திறந்தார். தொடக்கத்தில் பொருள் வசதிக்கு ஏற்ற அளவிலேயே பிள்ளைகளைச் சேர்த்தார். ஓரிரவு, இடமில்லை என்று பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் திருப்பி அனுப்பப்பட்டான். சில நாட்களுக்குள் அவன் பசியாலும் குளிராலும் இறந்துகிடக்கக் கண்டார்கள். அதன்பின் அந்த இல்லத்தின் முகப்பில், ஆதரவற்ற எந்தப் பிள்ளைக்கும் இங்கு இடமில்லை என்று சொல்லப்படாது எனப் பொருள்படும் அறிவிப்பு எழுந்தது.

எண்ணிப் பார்த்தால் அது பெரும் துணிச்சலான அறிவிப்பாகும். 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம், உதவி நாடி வருவோர் அஞ்சி விலகும்படி அரசின் ஏழையர் விடுதிகளைக் கடுமையாக்கி வைத்திருந்தது. மிகத் தாழ்ந்த கூலிக்காரன் வாழ்வைக் காட்டிலும் விடுதி வாழ்வு தாழ்ந்திருக்க வேண்டும் என்பதே அச்சட்டத்தின் கொள்கை. அரசு கதவை ஒருக்களித்து வைத்த இடத்தில் ஒரு தனிமனிதர் கதவை அகலத் திறந்தார். ஆனால் திறந்த கதவுக்கு விலை உண்டு. வரும் பிள்ளைகளுக்கு எல்லை இல்லை என்றால் செலவுக்கும் எல்லை இல்லை.

இவ்விடத்தில் பிரிஸ்டல் நகரின் ஜார்ஜ் முல்லரை ஒப்பிட்டுப் பார்ப்பது பொருந்தும். 1836இல் அனாதை இல்லம் தொடங்கிய முல்லர், எவரிடமும் நேரில் சென்று பொருள் கேட்பதில்லை, இறைவனிடம் மட்டுமே கேட்பது என்னும் நோன்பு பூண்டவர். 1870க்குள் அவருடைய ஐந்து பெரிய கட்டடங்கள் ஏறத்தாழ 2,000 பிள்ளைகளைத் தாங்கும் அளவுக்கு வளர்ந்தன. ஆனால் அவர் விதித்த நிபந்தனை இறுக்கமானது. தாய் தந்தை இருவரையும் சாவினால் இழந்த, முறையான திருமணத்தில் பிறந்த பிள்ளைகளுக்கே அவ்வில்லங்கள் ஏற்பட்டன. கையேந்தாதவர் கதவைச் சுருக்கினார். கதவைத் திறந்தவர் கையேந்த நேர்ந்தது. பர்னார்டோவின் அட்டைகள் பிறந்த இடம் இதுவே. 1874இல் அவர் தம் இல்லத்திலேயே புகைப்படப் பிரிவு ஒன்றை அமைத்தார். 1905இல் அவர் மறைவதற்குள் அங்கு எடுக்கப்பட்ட படங்கள் ஏறத்தாழ 55,000 என்பர்.

படங்களுக்குத் திரும்புவோம். முதற்படத்தில் சிறுவனைத் தவிர வேறு எவரும் இல்லை. அவனுக்குப் பின்னால் ஒரு வீடு இல்லை, தாய் இல்லை, தங்கை இல்லை. வானத்திலிருந்து விழுந்தவன் போல நிற்கிறான். அவன் வறுமைக்குக் காரணம் என்ன, துறைமுகத்தில் தந்தைக்கு வேலை இல்லையா, தாய் நோயுற்றாளா என்னும் வினாக்களுக்கு அப்படத்தில் இடமே இல்லை. இரண்டாம் படத்திலும் அவன் தனியனே. அவன் விளையாடவில்லை, சிரிக்கவும் இல்லை, கருவியைப் பிடித்திருக்கிறான். இவன் இனிச் சமூகத்திற்குச் சுமையாகமாட்டான் என்னும் உறுதிமொழி அக்கருவியில் இருக்கிறது. இரண்டு படங்களுக்கும் இடையே ஒரு வெற்றிடம் விடப்பட்டுள்ளது. பணம் தருவோர் தம் ஆறு பென்ஸை வைப்பதற்கான இடம் அது.

இவ்வட்டைகள் 1877இல் பெரும் பூசலுக்குக் காரணமாயின. முறையற்ற தருமத்தைக் கண்டிப்பதற்கென்று 1869இல் தோன்றிய தரும அமைப்புச் சங்கமும் ஒரு பாப்டிஸ்ட் போதகரும் பர்னார்டோ மீது பல குற்றங்களைச் சுமத்தினர். நடுவர் மூவர் விசாரித்தனர். இல்லங்கள் மக்களின் நம்பிக்கைக்கு உரியவை என்று அவர்கள் தீர்ப்பளித்தனர். ஆனால் புகைப்படங்களைப் பற்றி அவ்வாறு சொல்லவில்லை. சில படங்களில், பிள்ளை வந்து சேர்ந்த கோலம் வேறாகவும் படத்தில் காட்டிய கோலம் வேறாகவும் இருந்தன. இது கலைப்புனைவு, மெய்ந்நிகழ்ச்சி போல இதனைக் காட்டுவது அறமன்று, நாளடைவில் இது ஏமாற்று முறையாக வளர்ந்துவிடக்கூடும் என்பது நடுவர் கருத்து. தனி ஒரு பிள்ளையை அல்ல, ஒரு வகைப் பிள்ளைகளையே தாம் காட்டியதாக பர்னார்டோ தரப்பு வாதிட்டது. ஓவியனுக்கும் நாவலாசிரியனுக்கும் பொருந்தும் வாதம் அது. உயிருள்ள ஒரு பிள்ளையை நிறுத்தி, இவனே அவன் என்று விற்பவருக்குப் பொருந்துமா என்பது வேறு கேள்வி.

நாவலாசிரியரைக் குறிப்பிடும்போது சார்லஸ் டிக்கன்ஸை நினையாமல் இருக்க இயலாது. இல்லம் தொடங்கிய அதே 1870இல்தான் டிக்கன்ஸ் மறைந்தார். ஆனால் அட்டைகளின் கதைப்பாங்கு அவருடைய 'ஆலிவர் டிவிஸ்ட்' என்னும் நாவலிலேயே அமைந்துகிடக்கிறது. 1837 முதல் 1839 வரை தொடராக வந்த அக்கதையில், ஏழையர் விடுதியில் பிறந்த சிறுவன் திருடர் கூட்டத்தில் சிக்கி, முடிவில் நல்லோர் வீட்டில் சேர்கிறான். முன் ஒரு கோலம், பின் ஒரு கோலம். ஆயினும் டிக்கன்ஸ் ஒன்றை மறக்கவில்லை. ஆலிவரின் தாய் இறக்கும்போது அவளிடம் ஒரு சிறு கழுத்துப் பதக்கம் இருந்தது. அது திருடப்பட்டு, விற்கப்பட்டு, பகைவன் கையால் ஆற்றில் எறியப்படுகிறது. தாயின் அடையாளத்தை அழித்துவிட்டால் பிள்ளையின் உரிமையும் அழியும் என்பதை அப்பகைவன் அறிந்திருந்தான்.

பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் டிக்கன்ஸ் எழுதிய 'பிளீக் ஹவுஸ்' இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அதில் வரும் ஜோ என்னும் தெருக்கூட்டும் சிறுவனுக்கு ஒளிந்த செல்வமும் இல்லை, உயர்ந்த பிறப்பும் இல்லை. காவலர் அவனை ஓரிடத்தில் நிற்க விடுவதில்லை. போதகர் பசித்த அவனுக்குச் சொற்பொழிவு அளிக்கிறார். அதே நாவலில் ஒரு சீமாட்டி ஆப்பிரிக்க மக்களுக்காக ஓயாமல் கடிதம் எழுதுகிறாள். அவள் பெற்ற பிள்ளைகளோ கேட்பாரற்றுக் கிடக்கின்றன. ஜோ இறந்துபோகிறான். அவனுக்கு இரண்டாம் படமே கிடையாது. ஆலிவரைப் படித்தவர் கண்ணீர் துடைத்துக்கொண்டு நிறைவோடு நூலை மூடலாம். ஜோவைப் படித்தவர் அவ்வாறு மூட இயலாது. தரும அட்டைகள் ஆலிவரைப் பின்பற்றின. ஜோவைப் பின்பற்ற அவற்றால் முடியாது. ஏனெனில் பணம் பெற வேண்டிய கதை நிறைவோடு முடிந்தாக வேண்டும்.

அந்த நிறைவுக்காக அட்டையிலிருந்து நீக்கப்பட்டவர் யார் என்றால், தாய் எனலாம். இல்லங்களில் சேர்ந்த பிள்ளைகளில் பலருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் உயிரோடு இருந்தனர். இடர் நேர்ந்த காலத்தில் பிள்ளையைச் சேர்த்து, நிலைமை சீரானதும் அழைத்துக்கொள்ளலாம் என்று நம்பிய பெற்றோர் பலர். வரலாற்றாசிரியர் லிடியா மர்டாக் 2006இல் வெளியிட்ட நூலில் இப்பிள்ளைகளைக் கற்பனையால் அனாதையாக்கப்பட்டவர்கள் என்ற கருத்தில் ஆராய்ந்துள்ளார். படத்தில் நிகழ்ந்த நீக்கம் வாழ்விலும் நிகழ்ந்தது என்பதே இதன் பொருள். தீய பெற்றோரிடமிருந்து பிள்ளையைக் கவர்ந்து செல்லுதல் அறமாகுமா என்று பர்னார்டோ 1885இல் தம் இதழில் வெளிப்படையாகவே வினவி, தம் செயலுக்கு நியாயம் கூறினார். தன் மகனைக் கத்தோலிக்க இல்லத்தில் சேர்க்க விரும்பிய ஒரு தாய்க்கு அவர் பிள்ளையைத் தர மறுத்த வழக்கு பிரபுக்கள் சபைவரை சென்றது. 1891இல் தாயின் விருப்பமே மதிக்கத்தக்கது எனத் தீர்ப்பாயிற்று. அதே ஆண்டில், பிள்ளையைக் கைவிட்ட பெற்றோர் திரும்பக் கேட்டால் மறுக்கும் அதிகாரத்தை நீதிமன்றத்திற்கு அளிக்கும் சட்டமும் நிறைவேறியது. இரண்டிலும் ஓரளவு நியாயம் உண்டு. கொடுமைக்காரத் தந்தையும் இருந்தான். ஏழ்மையைத் தவிர வேறு குற்றம் செய்யாத தாயும் இருந்தாள். அட்டை இவ்விருவரையும் பிரித்துக் காட்டவில்லை.

இதற்கு ஒரு நூற்றாண்டு முன் லண்டனில் நிலவிய வழக்கம் ஒன்று இங்கு ஒப்பிடத்தக்கது. தாமஸ் கோரம் என்னும் மாலுமி 1739இல் அரச ஆணை பெற்று நிறுவிய கைவிடப்பட்ட குழந்தைகள் இல்லத்தில், குழந்தையை ஒப்படைக்கும் தாய் ஒரு துணித் துண்டையோ, வெட்டிய காசையோ, நாடாவையோ விட்டுச் செல்வாள். குழந்தைக்கு இல்லம் வேறு பெயர் இடும். பின்னொரு நாள் வந்து கேட்பதற்கு அந்தத் துண்டே சான்று. திரும்பி வந்து பிள்ளையைப் பெற்ற தாய்மார் மிகச் சிலரே. ஆயினும் அந்தத் துணித் துண்டு தாய் எழுதிய கடிதம் போன்றது. பர்னார்டோவின் அட்டையோ இல்லம் எழுதிய கடிதம். முன்னது பிள்ளைக்கு ஓர் இறந்தகாலம் உண்டு என்றது. பின்னது அந்த இறந்தகாலம் கந்தலே என்றது.

இறந்தகாலம் அழிந்த பிள்ளையைத் தொலைதூரம் அனுப்புவதும் எளிதாயிற்று. 1869 முதல் பல சங்கங்கள் பிள்ளைகளைக் கனடாவுக்குக் கப்பலேற்றின. பர்னார்டோ 1882இல் தொடங்கினார். சிறுவர் பண்ணை வேலைக்கும் சிறுமியர் வீட்டு வேலைக்கும் அமர்த்தப்பட்டனர். 1930கள்வரை எல்லாச் சங்கங்களும் அனுப்பியோர் ஏறத்தாழ 1,00,000 பேர். அவருள் பர்னார்டோ இல்லத்தார் ஏறத்தாழ 30,000 பேர். அன்பான வீடு கிடைத்தோரும் உண்டு. மேற்பார்வை இன்றிக் கடும் உழைப்பில் வாடியோரும் உண்டு. மேற்பார்வை போதவில்லை என்று அரசின் ஆய்வாளர் ஆண்ட்ரூ டாயில் 1875இலேயே முற்பட்ட சங்கங்களைக் கண்டித்திருந்தார். பிற்காலத்தில் ஆஸ்திரேலியாவுக்கும் தொடர்ந்த இவ்வழக்கத்திற்காக 2009இல் ஆஸ்திரேலியப் பிரதமரும் 2010இல் பிரிட்டிஷ் பிரதமரும் மன்னிப்புக் கோரினர்.

இவ்வளவும் சொன்ன பின்னும் ஒன்றை மறுக்க இயலாது. பர்னார்டோ மறைந்தபோது அவருடைய இல்லங்களில் 8,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்தனர். அவர்களுக்கு உணவும் கூரையும் தொழிலும் கிடைத்தன. அவர் கதவைத் திறக்காதிருந்தால் பலர் அந்தப் பதினொரு வயதுச் சிறுவனைப் போல் இறந்திருப்பர். ஆகவே அட்டைகளைப் பொய் என்று ஏசிவிட்டுப் போவது எளிய திறனாய்வு. உண்மையான குறை வேறு. அட்டை பிள்ளைக்கு இரங்கச் செய்தது. பிள்ளையின் தாய்க்கு இரங்கச் செய்யவில்லை. தாயின் கூலியை உயர்த்தியிருந்தால் பிள்ளை இல்லத்திற்கே வந்திராது என்னும் எண்ணத்தை அது எழுப்பவில்லை. ஈகை நின்றது, இரவு ஏன் நேர்ந்தது என்னும் ஆராய்ச்சி நிற்கவில்லை.

இன்று அப்படங்களைத் தேடுவோர் வேறு மக்கள். கனடாவிலும் பிற இடங்களிலும் வாழும் பேரர்களும் கொள்ளுப்பேரர்களும் இல்லத்தின் பதிவேடுகளைக் கேட்டு எழுதுகிறார்கள். பதிவேட்டில் ஒட்டிய சிறு படம் அவர்களுக்கு வந்து சேர்கிறது. பலருக்கு மூதாதையின் இளமையைக் காட்டும் படம் அது ஒன்றே. அவர்கள் அதில் கந்தலையும் பார்ப்பதில்லை, கருவியையும் பார்ப்பதில்லை. தம் மகனின் நெற்றியும் தம் தாயின் கண்களும் அதில் இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். பொருள் திரட்டவும் பதிவு வைக்கவும் எடுத்த படம், கோரம் இல்லத்துத் துணித் துண்டைப் போல, உறவைத் தேடும் சான்றாக மாறிவிட்டது. முன்னுக்கும் பின்னுக்கும் இடையே விடப்பட்ட வெற்றிடத்தில் ஒரு குடும்பம் இருந்தது என்பதை அக்குடும்பமே வந்து சொல்கிறது.