வார்சாவின் சிறு போராளிச் சிலையை ரசிப்பது எப்படி?

போலந்தின் தலைநகரான வார்சாவில், பழைய நகரத்தின் செங்கல் மதிலை ஒட்டிச் செல்லும் போட்வாலே தெருவிலே நிற்கின்ற அந்த வெண்கலச் சிறுவனை, வெற்றி வாகை சூடிய தளபதிகளின் சிலைகளைக் காணும் கண்ணோடு காணப் புகுவோர் ஏமாற்றமே அடைவர். ஏனெனில் அங்கே சிற்பி கையாண்ட பாஷை கம்பீரமன்று, அளவுகளின் பொருந்தாமையே.

ஆகவே தலையிலிருந்து தொடங்குங்கள். வளர்ந்த ஆண்மகனுக்கென்று செய்த இரும்புத் தொப்பி சிறுவனின் நெற்றியை விழுங்கிக் கண்கள் வரை இறங்கியிருக்கிறது. பின்பு பார்வையைப் பாதங்களுக்குக் கொண்டு செல்லுங்கள்; அந்தப் பூட்சும் அவனுக்குத் தைத்ததன்று. இவ்விரண்டுக்கும் நடுவே தொளதொளத்த உடைக்குள் அகப்பட்டிருக்கும் சின்னஞ்சிறு சரீரத்தை மனம் உணர்ந்த பின்னரே துப்பாக்கியை நோக்க வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். முதலிலேயே ஆயுதத்தில் பதிகிற கண் சாகசத்தைக் கண்டு மகிழ்ந்து போய்விடும், அதைச் சுமக்கிற கையின் மெலிவைக் காணாது.

சரித்திரமும் சற்றுத் தெரிந்திருத்தல் அவசியம். ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்து வார்சாவில் 1944 ஆகஸ்டு 1 அன்று மூண்ட எழுச்சியில் பங்கேற்ற சிறுவரின் நினைவாகவே இச்சிலை நிற்கிறது; அவ்வெழுச்சி 63 நாட்கள் நீடித்தது. குடிமக்களில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தலைமறைவில் இயங்கிய சாரணர் இயக்கத்தின் இளைய பிரிவினர், ஏறக்குறைய பன்னிரண்டு முதல் பதினான்கு வயதினர், குண்டு மழைக்கிடையே தபால் சேவை நடத்தினார்கள். கடிதத்துக்குக் கட்டணமில்லை, இருபத்தைந்து சொற்களுக்கு மேற்படலாகாது. உயிரோடிருக்கிறோம் என்ற செய்தியைத் தாய்க்கோ மகனுக்கோ சேர்ப்பித்த அச்சிறுவரில் சிலர் அவ்வேலையிலேயே உயிர் துறந்தனர். ஆயுதம் ஏந்திய பிள்ளைகளும் இருந்தார்கள் என்பது மெய்யே. ஆயினும் சிலையைக் காணும்போது கண்ணுக்குப் புலப்படாத அந்தத் தபால் பையையும் மனத்தால் அவன் தோளில் மாட்டிப் பார்க்க வேண்டுகிறேன்.

சிற்பி யெஷி யார்னுஷ்கேவிச் இதனை முதன்முதல் 1946-இல், நகரம் இடிபாடாகக் கிடந்த காலத்தில், மேசைமேல் வைக்கத்தக்க சிறு உருவமாகவே வடித்தார். எழுச்சியை நடத்திய உள்நாட்டுப் படையின் பேரில் கம்யூனிஸ்டு அரசாங்கம் கொண்டிருந்த சந்தேகத்தினால் பொதுவிடத்தில் நினைவுச் சின்னங்கள் எழுவது நெடுங்காலம் அரிதாயிருக்க, இவ்வுருவமோ சிறு பிரதிகளாகப் பெருகிப் பலருக்கும் பரிச்சயமாயிற்று. சாரணர்கள் திரட்டிய பொருளைக் கொண்டு பெரிதாக வார்க்கப்பெற்று, 1983 அக்டோபர் 1 அன்று அது இவ்விடத்திலே திறந்து வைக்கப்பட்டது. திரையை விலக்கியவர், எழுச்சியின்போது சிறுவனாகத் தூது சென்று பிற்காலத்தில் இருதய மருத்துவரான ஒருவர். கையில் எடுத்துப் பார்ப்பதற்கென்று பிறந்த அந்த நெருக்கத்தை இச்சிலை இன்றும் இழக்கவில்லை. தூர நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாமல் கிட்டே சென்று, சற்றுக் குனிந்து, தொப்பியின் விளிம்புக்குக் கீழே உள்ள முகத்தைப் பாருங்கள்.

அருகிலேயே கிலின்ஸ்கி தெரு இருக்கிறது. 1944 ஆகஸ்டு 13 அன்று, கைப்பற்றிய ஜெர்மானியக் கவச வண்டியொன்றைப் போராளிகள் ஆரவாரத்தோடு கொண்டுவர, அதைச் சூழ்ந்துகொண்ட கூட்டத்தின் நடுவே அது வெடித்ததில் சிறுவர் பலர் உட்பட முந்நூறுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அங்குள்ள நினைவுப் பலகையையும் அன்றே கண்டுவிடுங்கள். ஆண்டுதோறும் எழுச்சியின் நினைவாக ஆகஸ்டு 1 மாலை ஐந்து மணிக்குச் சங்கொலி எழும்பி நகரமே அசையாமல் நிற்கும் வேளை உணர்ச்சிமிக்கதாயினும், சிற்பத்தை நிதானமாக ஆராய விரும்புவோர் கூட்டமில்லாத சாதாரண நாளொன்றின் காலைப் பொழுதைத் தேர்ந்துகொள்வது உத்தமம்.