கணவாயின் மேல் ஒரு பெத்தூலியா

குரோஷியா நாட்டின் ஸ்பிளிட் துறைமுக நகருக்குப் பின்னே, மோசோர், கோசியாக் என்னும் இரு மலைகளுக்கிடையே ஒரு கணவாய் உண்டு. அதைக் காத்து நிற்பது கிளிஸ் கோட்டை. பாறை முகட்டில் கோட்டை. அதன் அடியில் சிற்றூர். மார்கோ மாருலிச்சின் 'யூதித்தா' காவியத்தை இக்கோட்டையை மனத்திற்கொண்டு வாசிப்பது பயன் தரும் என்பது நம் கருத்து.

ஸ்பிளிட் நகரத்தவரான மாருலிச் (1450–1524) இலத்தீன் நூல்களால் ஐரோப்பாவெங்கும் புகழ் பெற்றவர். எனினும் இலத்தீன் அறியாத தம் மக்களுக்காக, அவர்தம் மொழியிலேயே இக்காவியத்தை 1501-இல் எழுதி முடித்தார். 1521-இல் அது வெனிஸ் நகரில் அச்சேறியது. துருக்கியப் படைகளின் அச்சம் அந்நகரைச் சூழ்ந்திருந்த காலம் அது. மலைவழியை அடைத்து நின்ற பெத்தூலியாவின் கதையைக் கேட்டவர்கள் கிளிஸை நினையாதிருந்திருப்பார்களா?

ஆனால் வரலாறு காவியத்தின் வழியே செல்லவில்லை. 1537-இல் தளபதி பேத்தர் குரூஜிச் போரில் மடிந்தார், கோட்டையும் வீழ்ந்தது. யூதித்து எவரும் வரவில்லை. அப்படியாயின் கவிஞர் தந்தது பொய்யான நம்பிக்கையா?

அன்று என்போம். இதை வெற்றிப் பாடலாக மட்டும் படிப்போரே ஏமாறுகின்றனர். கதையின் உயிர் வாள்வீச்சில் இல்லை. அதற்கு முன் யூதித்து தன் ஊர் மூப்பர்களைக் கடிந்துகொள்ளும் இடத்தில் உள்ளது. ஐந்து நாளில் உதவி வராவிடில் நகரை ஒப்படைப்போம் என்று இறைவனுக்கே கெடு வைத்தவர்கள் அவர்கள். காப்பதும் அழியவிடுவதும் அவர் உரிமை. அவரைச் சோதிக்க நீங்கள் யார் என்று கேட்கிறாள் அவள். கோட்டை வீழ்ந்த பின்னும் பொருள் குன்றாத கேள்வி அது.

குறையும் உண்டு. மூல நூலில் போலவே இங்கும் பகைப் படைத்தலைவன் செருக்கும் குடியும் காமமும் கூடிய உருவமாகவே நிற்கிறான். மண்டியிட்டு வேண்டும் மனிதர் பகைவரிடையேயும் உண்டு என்பதைக் காவியம் காட்டவில்லை. அதைக் காட்டுவது கிளிஸ்தான். துருக்கியர் கோட்டைக்குள் எழுப்பிய தொழுகைக்கூடம், 1648-இல் வெனிஸ் படை கோட்டையைக் கைப்பற்றிய பின் புனித வீத்துஸ் ஆலயமாயிற்று. மினாரா மறைந்தது; சதுரச் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. தோற்றவர் தொழுத இடத்திலேயே வென்றவரும் மண்டியிட்டனர்.

காவியத்தை மூடி வைத்தபின் அச்சுவர்களையும் நாம் சற்று வாசித்தல் நன்று.